குறைமாசத்துல பொறந்த புள்ளைங்க கண்ணு பத்தி உங்க அனுபவம் சொல்லுங்க

என் பையன் 29 வாரத்துல பொறந்தான், 1100 கிராம். மூணாவது வாரம் என்ஐசியுக்கே (பச்சப்புள்ளைங்க தீவிர சிகிச்சை வார்டு) கண் டாக்டர் வந்தாங்க, சொட்டு மருந்து விட்டு இமையை கிளிப் போட்டு விரிச்சு பாப்பாங்க, அவன் கத்துனது வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. ஆர்ஓபிங்கற குறைமாச புள்ளைங்களுக்கு வர்ற கண் நோய் இருக்கு, விழித்திரைல, அதான் ரெட்டினால, ரத்தக்குழாய் முழுசா ஓடறதுக்கு முன்னாடியே புள்ள வெளிய வந்துட்டதால அந்த ரத்தக்குழாய் இப்ப தாறுமாறா வளருதுன்னு சொல்லி ரெண்டு நாளுக்குள்ள லேசர் பண்ணிட்டாங்க. ஆறு மாசம் செக்கப் போனோம், "ரெட்டினா நல்லா இருக்கு"ன்னாங்க. ரெட்டினா நல்லா இருந்தா பார்வையும் நல்லா இருக்கும்னு நெனச்சு அதோட விட்டுட்டோம், அதான் நாங்க பண்ண தப்பு. யூகேஜி மிஸ் கூப்பிட்டு, போர்ட பாக்காம பக்கத்து பையன் நோட்ட பாத்து எழுதறான்னாங்க, மாமியார் சேட்டைன்னாங்க. செக் பண்ணா வலது மைனஸ் 6, இடது மைனஸ் 9.5, இடது கண்ணு சோம்பேறிக் கண்ணாவே (மூளை அந்த கண்ண சரியா பயன்படுத்தாம விட்டுடறது) ஆயிடுச்சு. இப்ப ஏழு வயசு, தினம் ரெண்டு மணி நேரம் வலது கண்ணுக்கு பேட்ச் போட்டு இடது கண்ணுக்கு வேலை குடுக்கறோம்.

ரெட்டைவால் அம்மா:
எனக்கு ட்வின்ஸ் சிஸ், 33 வாரம். 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ 2 கிலோவுக்கு கம்மின்னாலோ 30 நாளுக்குள்ள கண்ண காட்டணுமாம், எங்ககிட்ட வாயால யாரும் சொல்லல, டிஸ்சார்ஜ் சம்மரி கடைசில ஒரு வரி இருந்துருக்கு, தூங்காத ரெண்டு புள்ளைய வச்சுட்டு அத யாரு படிச்சா? 45ஆம் நாள் ஊசிக்கு போனப்ப நர்ஸ் கேட்டு பதறி ஓடுனோம். ஆர்ஓபி இல்ல. ஆனாலும் ரெண்டு வயசுல ஒருத்திக்கு மாறுகண். ஆர்ஓபி வராத குறைமாச புள்ளைக்கும் இது வர சான்ஸ் ஜாஸ்தியாம்.

கண்ணாடி அண்ணன்:
நானே குறைமாசம் தாங்க, 93ல பொறந்தேன், அப்ப எங்க ஊர்ல இதெல்லாம் யாருக்கு தெரியும். சின்னதுல இருந்தே சோடாபுட்டி, மைனஸ் 11. 24 வயசுல பஸ்ல போறப்ப ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டுச்சு, கொசு பறக்கற மாதிரி கரும்புள்ளி, தூக்கம் இல்லன்னு நானே முடிவு பண்ணி நாலு நாள் ஓட்டிட்டேன், அஞ்சாம் நாள் பாதி கண்ணுல திரை போட்ட மாதிரி ஆயிடுச்சு. ரெட்டினா கழண்டுருச்சு. ஆபரேஷன் பண்ணி ஓரளவு காப்பாத்துனாங்க. அக்கா, தம்பி பெரியவன் ஆனாலும் வருஷா வருஷம் சொட்டு மருந்து விட்டு ரெட்டினா பாக்கறத விட்டுறாதீங்க, கண்ணாடி கடைல பவர் மட்டும் செக் பண்றது பத்தாது.

வக்கீல் வீட்டு மருமக:
96ல சென்னைல 29 வாரத்துல பொறந்த ஒரு பொண்ணுக்கு இந்த செக்கப் பண்ணாம பார்வையே போயி, 2015ல சுப்ரீம் கோர்ட் சுமார் 1.8 கோடி நஷ்டஈடு குடுக்க சொன்னாங்க. 19 வருஷம் கழிச்சு.

மறுபடி நான்:
அண்ணா, அந்த மின்னல் விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லவே இல்ல, அவன்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன். அப்புறம் பேட்ச் பிய்க்கும்போது புருவ முடியும் சேந்து வருது, தினம் அழுகை, யாராச்சும் தேங்காண்ணெய் தடவி எடுத்துருக்கீங்களா?