தேர்தல் தேதி வரப்போகிறது: வீட்டுக் கிரயத்தை இப்போதே முடிப்பதா, தள்ளுவதா?

ரங்கநகர்_வாசி:
திருச்சி ஸ்ரீரங்கத்தில் பழைய தனி வீடு. 68 லட்சத்துக்குப் பேச்சு முடிந்திருக்கிறது. பட்டா காலஞ்சென்ற அப்பா பெயரிலேயே இருக்கிறது. வாரிசுகள் அம்மா, நான், தங்கை. வாங்குபவர் புதுக்கோட்டைக்காரர். 5 லட்சம் அட்வான்ஸை ரொக்கமாகக் காரில் கொண்டுவருகிறேன் என்கிறார், மீதியில் பெரும்பகுதி வங்கிக் கடன். சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு எந்த நேரமும் வரலாம் என்கிறார்கள்.

நடத்தை விதி வந்தால் பத்திரப் பதிவு நிற்குமா? அட்வான்ஸ் வரும் வழியில் பறக்கும் படை பிடித்தால் என்ன ஆகும்? தேர்தல் முடிந்தபின் விற்றால் விலை கூடுமா, குறையுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவண_எழுத்தர்:
பதிவு நிற்காது. நடத்தை விதி அரசின் புது அறிவிப்புகளையும் கட்சிகளின் பிரசாரத்தையும்தான் கட்டுப்படுத்தும். இரண்டு தனி ஆட்கள் செய்துகொள்ளும் கிரயத்தில் அதற்கு வேலையில்லை. வாக்குப்பதிவு நாள் பொது விடுமுறை என்பதால் சார்பதிவாளர் அலுவலகமும் மூடியிருக்கும், அவ்வளவுதான்.

உங்களுக்குச் சிக்கல் வருவது பதிவுத் துறையில் அல்ல, வருவாய்த் துறையில். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது என்கிறீர்கள். முதலில் வாரிசுச் சான்று வேண்டும். இ-சேவையில் விண்ணப்பம் போட்டதும் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகரும். தேர்தல் வந்தால் இந்த மூவரும்தான் முதலில் இழுக்கப்படுவார்கள். பல தொகுதிகளில் கோட்டாட்சியரே தேர்தல் நடத்தும் அலுவலர், தாசில்தார் அவருக்கு உதவி அலுவலர். கி.நி.அ. வாக்குச்சாவடி ஏற்பாட்டில் இருப்பார். விண்ணப்பத்தை யாரும் நிராகரிக்க மாட்டார்கள். திறந்து பார்க்கத்தான் ஆள் இருக்காது.

ஆகவே இந்த வாரமே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும் மூவர் பெயருக்கும் பட்டா மாறுதல். விற்பவர் பெயரில் பட்டா இருந்து, உட்பிரிவும் தேவைப்படாவிட்டால், கிரயத்துக்குப் பிறகு வாங்குபவர் பெயருக்குப் பட்டா தானாகவே மாறும். அப்பா பெயரிலேயே விட்டால் மாறாது, வாங்குபவரின் வங்கியும் அங்கேதான் கொக்கி போடும். வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். தேர்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கார்_பயணி:
5 லட்சத்துக்குப் பயப்பட வேண்டாம் சார். வங்கியில் பணம் எடுத்த சீட்டு, பாஸ்புக் நகல், ஆதார், கூடவே கிரய ஒப்பந்தத்தின் நகல் ஒன்று. காட்டினால் விட்டுவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை:
மேலே சொன்னதில் கடைசி ஆவணம்தான் ஆபத்து. அதைக் காட்டுவது, சட்டம் தடுத்திருக்கும் ஒன்றைச் செய்யப்போகிறோம் என்று எழுத்தில் கொடுப்பதற்குச் சமம்.

அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். அட்வான்ஸும் இதில் அடக்கம். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் பணம் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிய விற்பனையாளருக்கு. 5 லட்சம் ரொக்கம் வாங்கினால் 5 லட்சம் அபராதம். பேரம் முறிந்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இதே 20,000 வரம்புதான். இதெல்லாம் தேர்தல் இல்லாத நாளிலும் உள்ள சட்டம். தேர்தல் காலத்தில் சாலையில் நிறுத்திக் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். கூடவே, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பதிவுக்கு வரும் பத்திரத்தில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக எழுதியிருந்தால் பதிவு அலுவலர் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது.

சோதனை நடக்கும் விதம் இது. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாத ரொக்கத்தைப் பறக்கும் படையும் நிலைக் கண்காணிப்புக் குழுவும் பிடித்து வைக்கும். ரசீது தர வேண்டும், கேட்டு வாங்க வேண்டும். 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும். பணத்தைத் திரும்பப் பெற மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. மாவட்டக் கருவூல அலுவலரும் அதில் ஒருவர். எங்கிருந்து வந்த பணம், எதற்குப் போகிறது என்ற இரண்டுக்கும் சான்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு வங்கிச் சீட்டு போதும். இரண்டாவதற்கு 'வீட்டு அட்வான்ஸ்' என்று சொன்னால் மேலே சொன்ன 20,000 வரம்பு வந்து நிற்கும்.

வங்கியிலும் கண் இருக்கும். முந்தைய இரண்டு மாதங்களில் அப்படிச் செய்யாத கணக்கில், தேர்தல் காலத்தில் வழக்கமில்லாத விதத்தில் 1 லட்சத்துக்கு மேல் ரொக்கம் எடுத்தாலோ போட்டாலோ தகவல் போகும்.

வழி எளிது. ஆர்.டி.ஜி.எஸ். குறைந்தபட்சம் 2 லட்சம், நாள் முழுவதும் இயங்குகிறது. 5 லட்சத்தை மூன்று பேர் கணக்கிலும் பங்கு பிரித்துப் போடச் சொல்லுங்கள். பங்கு 2 லட்சத்துக்குக் குறைவாக வருவதால் நெஃப்ட் சரிப்படும். பரிவர்த்தனை எண், தேதி, வங்கிப் பெயர் மூன்றையும் ஒப்பந்தத்திலும் பிறகு கிரயப் பத்திரத்திலும் எழுதுங்கள்.

இன்னொன்று. விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டதால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (உங்களுக்குத் தரும் பணத்திலிருந்தே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும், மொத்தம் 68,000 ரூபாய். விற்பவர் மூவர், ஆளுக்கு 22 லட்சத்துச் சொச்சம்தானே என்று தப்ப முடியாது. 2024 அக்டோபரிலிருந்து மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். மூவரின் பான் எண்ணுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். வயதானவர்களின் பான் ஆதாரோடு இணையாமல் செயலிழந்து கிடப்பது சாதாரணம். அப்படியிருந்தால் 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்க நேரும். அம்மாவின் பான் எண்ணை இன்றைக்கே சோதித்துவிடுங்கள்.

மனை_தரகு:
விலை பற்றிக் கேட்டதற்கு: வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் விலை ஏறும், இறங்கும் என்று சொல்கிறவர்களிடம் ஆதாரம் கேளுங்கள், வாயடைத்துப் போவார்கள். தேர்தல் மாதத்தில் பாதிக்கப்படுவது விலையைவிட வேகம்தான். கணிசமான பகுதியை ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய வாங்குபவர்கள் பணத்தை நகர்த்த அஞ்சி ஒதுங்கிவிடுவார்கள். கடன் வாங்கி வருகிறவர்கள் அப்படியே வருவார்கள். உங்கள் ஆள் இரண்டாவது ரகம். அவரை விட்டுவிட வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தையும் குறைத்து எண்ணாதீர்கள். நடத்தை விதி வாக்குப்பதிவோடு முடிவதில்லை. 2021-இல் பிப்ரவரி 26 அறிவிப்பு, ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16 அறிவிப்பு, தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, எண்ணிக்கை ஜூன் 4. தேர்தல் முடியட்டும் என்று சொல்லும் வாங்குபவரிடம் எந்தத் தேதி என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

உண்மையான மாற்றம் தேர்தலுக்குப் பின் வரும் பட்ஜெட்டில் இருக்கிறது. தேர்தலுக்கு முன் இடைக்கால பட்ஜெட்தான். பொதுவாக அதில் வரிகளில் பெரிதாகக் கை வைக்க மாட்டார்கள். 2024-இல் பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் சொத்து விற்பனை வரியில் மாற்றமே இல்லை. ஜூலை 23 முழு பட்ஜெட்டில் அன்றிலிருந்தே நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் கணக்கிடுவது) கிடையாது என்று வந்தது. எதிர்ப்பு கிளம்பியபின், அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும் பழைய 20 சதவீதக் கணக்கோடு ஒப்பிட்டுக் குறைந்ததைக் கட்டலாம் என்று தளர்த்தினார்கள். மாநிலத்திலும் தமிழ்நாட்டின் புதிய வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் சொத்து மதிப்பு) அதே ஆண்டு ஜூலை 1-இல்தான் நடப்புக்கு வந்தது, எண்ணிக்கை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்து வீட்டைக் காட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு சின்ன எச்சரிக்கை: வெள்ளைச் சுவரைக் கண்டால் சின்னம் வரைய ஆள் வந்துவிடும். உரிமையாளர் அனுமதி இல்லாமல் தனியார் சுவரைப் பயன்படுத்துவது நடத்தை விதி மீறல். தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் படம் எடுத்துப் போடலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு.

கணக்குப்பிள்ளை:
வழிகாட்டி மதிப்பைத் தொட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன், பலர் கோட்டை விடும் இடம். பதிவு நாளில் வழிகாட்டி மதிப்பு உங்கள் விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், அந்த மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொண்டு உங்களுக்கு ஆதாய வரி போடுவார்கள். ஒப்பந்த நாளின் மதிப்பை எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஒப்பந்தத் தேதியிலோ அதற்கு முன்போ அட்வான்ஸின் ஒரு பகுதியாவது கணக்குவழி காசோலை, டி.டி. அல்லது மின்னணுப் பரிமாற்றமாக வந்திருக்க வேண்டும். ரொக்க அட்வான்ஸ் வாங்கினால் இந்தப் பாதுகாப்பும் போகும்.

பதிவுச் செலவில் வாங்குபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பதிவின்போது நடப்பில் உள்ள மதிப்புக்குத்தான் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும். மதிப்பு ஏறினால் கூடுதல் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடாவிட்டால் பதிவு நாளில் சண்டை வரும்.

ரங்கநகர்_வாசி:
மிகவும் நன்றி. அட்வான்ஸைக் கணக்கில் போட வாங்குபவர் ஒத்துக்கொண்டார். தங்கை பெங்களூரில் இருக்கிறாள்; ஓட்டு இங்கேதான், வாக்களிக்க வருவாள். அதே பயணத்தில் கையெழுத்தை முடித்துவிடலாமா? ஒப்பந்தத்துக்கு எத்தனை மாதம் வைப்பது?

ஆவண_எழுத்தர்:
வாக்குப்பதிவுக்கு மறுநாளை நம்ப வேண்டாம். சாவடிப் பணிக்குப் போன ஊழியர்கள் பெட்டியை ஒப்படைத்துத் திரும்பப் பின்னிரவாகும். அதற்கடுத்த வேலை நாளுக்கு டோக்கன் எடுங்கள், தங்கையின் ஊர் திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வாரிசுச் சான்று வரவில்லை என்றால் அந்தப் பயணத்தில் கிரயத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள்; ஒப்பந்தத்தில் மட்டும் மூவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம்.

பிறகு கிரயத்துக்குத் தங்கை வர முடியாவிட்டால், பெங்களூரில் தாம் குடியிருக்கும் பகுதிக்கான பதிவு அலுவலகத்தில் உங்கள் பெயருக்குப் பவர் (தமக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) எழுதிப் பதிவு செய்து அனுப்பலாம். இங்கே கிரயம் செய்யும் அன்று, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள். வாங்குபவரின் வங்கி பவர் மூலமான கிரயத்தை ஏற்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில வங்கிகள் முகம் சுளிக்கும்.

காலம் 6 மாதம் வையுங்கள். கூடவே இரண்டு நிபந்தனை. வாரிசுச் சான்றும் பட்டாவும் தாமதமானால், அவை கிடைத்த நாளிலிருந்து 30 நாள் கூடுதல் அவகாசம். வங்கிக் கடன் அனுமதி காலாவதியானால் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பும் செலவும் வாங்குபவருடையது.