கோடு, ஒளி, வண்ணம்: ஓவியத்தில் கற்றவை ஒளிப்படத்துக்கும் பொருந்துமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் பென்சில் ஓவியமும் நீர்வண்ணமும் முறையாகக் கற்றவன். கோடு, வடிவம், ஒளிநிழல், வண்ணம், வெளி முதலிய காட்சிக் கூறுகளையும், சமநிலை, முரண், தாளம், முதன்மை, ஒருமை முதலிய வடிவமைப்பு நெறிகளையும் வகுப்பில் வரிசையாகப் படித்திருக்கிறேன். அண்மையில் ஒளிப்படக் கலையில் ஈடுபாடு ஏற்பட்டுக் கேமரா வாங்கினேன். வரையும்போது வேண்டியதை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ள முடிகிறது. கேமராவிலோ எதிரில் இருப்பது அனைத்தும் சட்டகத்துக்குள் வந்துவிடுகிறது. அப்படியானால் அந்த நெறிகளை ஒளிப்படத்தில் கையாள்வது எவ்வாறு? இரண்டு கலைகளுக்கும் அடிப்படை ஒன்றுதானா? இவற்றுள் எதை முதலில் பழகுவது நல்லது? அனுபவமுள்ளவர்கள் குறிப்பிட்ட படங்களைச் சுட்டி விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

முதல் மறுமொழி

நண்பருக்கு வணக்கம். அடிப்படை ஒன்றுதான் என்பதே என் உறுதியான கருத்து. ஓவியர் வெற்றுத் தாளில் தொடங்கிச் சேர்த்துக்கொண்டே போகிறார், ஒளிப்படக்காரர் நிறைந்த காட்சியில் தொடங்கி விலக்கிக்கொண்டே போகிறார் என்று பலரும் சொல்வதுண்டு. அதை நான் முழுதாக ஏற்பதில்லை. நல்ல ஓவியரும் விலக்கவே செய்கிறார்.

டச்சு ஓவியர் வெர்மீர் 1660ஆம் ஆண்டையொட்டி வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண்ணின் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறிய ஓவியம். அவளுக்குப் பின்னாலுள்ள சுவரில் ஓர் ஆணியும் சில ஆணித் துளைகளும் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் அருங்காட்சியகம் அந்த ஓவியத்தை ஊடுருவி ஆராய்ந்து 2022இல் அறிவித்தபடி, அவள் தலைக்குப் பின்னால் குவளைகளை மாட்டிவைக்கும் பலகை ஒன்றையும், கீழே வலப்புறத்தில் ஒரு கூடையையும் வெர்மீர் முதலில் வரைந்திருந்தார். பிறகு அவரே அவற்றை வண்ணம் பூசி மறைத்துவிட்டார். சுவர் வெறுமையானதால்தான் அவளுடைய தலை, தோள், கை ஆகியவற்றின் வெளிக்கோடு தடையின்றித் தெரிகிறது. நம் கண்ணும் அந்தக் கோட்டின் வழியே இறங்கி, வழியும் பாலில் போய் நிற்கிறது. முதன்மை என்று வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்களே, அது இதுதான்.

அதே ஓவியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சாளரம் இடப்புறம் உள்ளது. ஒளி படும் அவளுடைய பக்கம், சுவரின் நிழற்பகுதிக்கு எதிரில் வெளிச்சமாகத் தெரிகிறது. ஒளி படாத பக்கம், சுவரின் வெளிச்சப் பகுதிக்கு எதிரில் இருட்டாகத் தெரிகிறது. உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து எழுவதற்கு இந்த மாற்றி வைத்த ஒளிநிழலே காரணம். வெர்மீர் இதைத் தூரிகையால் செய்தார். நீங்கள் கேமராவுடன் இரண்டடி நகர்ந்து, முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு கதவின் நிழல் வரும்படி நின்றால் அதுவே கிடைக்கும். பின்னணி என்பது கிடைத்ததை ஏற்றுக்கொள்ளும் பொருளன்று, நாம் நிற்கும் இடத்தால் தேர்ந்தெடுக்கும் பொருள் என்பதை ஓவியம் பயின்ற நீங்கள் மற்றவரைவிட விரைவில் உணர்வீர்கள்.

ஒளிப்படத்தில் ஒரு சான்று வேண்டுமானால், அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907இல் ஐரோப்பா சென்ற கப்பலில் எடுத்த படத்தைச் சொல்வேன். முதல் வகுப்பில் பயணம் செய்த அவர், மிகக் குறைந்த கட்டணத்தில் பயணம் செய்தோர் திரண்டு நின்ற தளத்தை மேலிருந்து பார்த்தார். வட்டமான ஒரு வைக்கோல் தொப்பி, இடப்புறம் சாய்ந்த புகைபோக்கி, வலப்புறம் சாய்ந்த ஏணிப்படி, ஒருவரின் முதுகில் குறுக்காகச் செல்லும் வெள்ளைப் பட்டைகள் ஆகிய வடிவங்களும், அவற்றுக்கு அடியில் ஓடிய மனித உணர்வும் சேர்ந்தே தம்மை நிறுத்தின என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். சட்டகத்தின் குறுக்கே செல்லும் வெண்ணிறப் பாலம், மேல் தளத்தில் நிற்பவர்களையும் கீழ்த் தளத்தில் இருப்பவர்களையும் இரண்டாகப் பிரிக்கிறது. அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் அது வெறும் கூட்டத்தின் படம். கோடு அழகுக்காக மட்டும் வரவில்லை, பொருளையே அதுதான் சுமக்கிறது.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவர் ஒளிநிழலைச் சொன்னதால், எதை முதலில் பழகுவது என்னும் கேள்விக்கு அங்கிருந்தே விடை சொல்கிறேன். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ, ஜப்பானிய மர அச்சு ஓவியங்களை ஆழ்ந்து பயின்று, 1899இல் வெளியிட்ட பாடநூலில் கோடு, இருள் ஒளி அமைப்பு, வண்ணம் என்னும் மூன்றையே கூறுகளாக வைத்து, அந்த வரிசையிலேயே பயிற்சிகளை அமைத்தார். ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப், ஒளிப்படக் கலைஞர் ஆல்வின் லாங்டன் கோபர்ன் இருவருமே அவரிடம் பயின்றவர்கள். இரு கலைகளுக்கும் ஒரே பாடம் பொருந்தும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

வண்ணத்தை இறுதியில் வைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. பாரிஸ் நகரின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் சில இடங்களில் வலுவிழந்து தெரிகிறது என்ற குறை வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குற்றமில்லை, அருகில் வைத்த நீலமும் ஊதாவுமே கறுப்பை அப்படிக் காட்டின என்பது தெளிவாயிற்று. 1839இல் அவர் வெளியிட்ட ஆய்வு, பிற்காலத்தில் சோரா போன்ற ஓவியர்களுக்கு வழிகாட்டியது. ஒரு வண்ணம் தனியாக எப்படி இருக்கிறது என்பதைவிட, எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதே கண்ணுக்கு அதன் மதிப்பை வரையறுக்கிறது. இத்தனை உறவுகளையும் தொடக்கத்திலேயே கவனிப்பது கடினம். ஆகவே சில காலம் கேமராவின் திரையைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பழகுங்கள். ரா (RAW) எனப்படும் மூலத் தரவுக் கோப்பாகச் சேமித்தால் வண்ணத் தகவலும் அழியாமல் இருக்கும். பச்சை இலையும் சிவப்பு மலரும் ஒரே சாம்பலாகக் கலந்துபோகும் இடங்களை அப்போது நீங்களே காண்பீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வெர்மீர் மறைத்த பொருள்களைப் பற்றி இதுவரை அறிந்ததில்லை. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. சமநிலைக்காகச் சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் முதன்மைப் பொருளை வைக்க வேண்டும் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதை எப்போதும் கடைப்பிடிக்க வேண்டுமா?

மூன்றாம் மறுமொழி

வேண்டியதில்லை ஐயா. அந்த விதி ஓவியத்திலிருந்து வந்தது. 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கில ஓவியர், இயற்கைக் காட்சி ஓவியத்தில் நிலத்துக்கும் வானத்துக்கும், ஒளிக்கும் இருளுக்கும் சம பங்கு கொடுக்காமல், ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கும் மற்றொன்றுக்கு இரண்டு பங்கும் தர வேண்டும் என்று எழுதினார். அளவுகளுக்கிடையே ஒன்று மேலோங்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இன்று கேமராத் திரையில் தெரியும் நான்கு கோடுகள் அந்தக் கருத்தின் ஒரு சிறு பகுதியையே காட்டுகின்றன.

சமநிலையை நான் வெள்ளிக்கோல் என்னும் தராசின் தத்துவத்தால் புரிந்துகொள்கிறேன். பிடியிலிருந்து தொலைவில் தொங்கும் சிறு எடை, அருகில் தொங்கும் பெரிய சுமைக்கு ஈடுகொடுக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831ஆம் ஆண்டையொட்டி வடித்த பேரலைப் படத்தில், இடப்புறம் எழும் அலை ஏறக்குறைய படம் முழுவதையும் விழுங்கப் பார்க்கிறது. அதன் வளைவுக்குள் மிகச் சிறிதாக ஃபூஜி மலை இருக்கிறது. அசையாமல், முக்கோணமாக, உச்சியில் வெண்பனியுடன் இருப்பதால் அந்தச் சிறு வடிவம் அத்தனை பெரிய அலைக்கும் ஈடாகிவிடுகிறது.

இதற்கு மாறாக, பிரெஞ்சு ஓவியர் டெகா 1875இல் வரைந்த, பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்து ஓவியத்தில், ஒரு தந்தையும் இரு மகள்களும் நாயும் ஆளுக்கொரு திசையில் பார்க்கிறார்கள். இடப்புற விளிம்பில் ஒரு மனிதர் பாதியில் வெட்டப்படுகிறார். நடுவில் பெரும் வெற்றிடம் கிடக்கிறது. அங்கே சமநிலையைக் குலைத்ததுதான் நகர வாழ்வின் உறவற்ற நெருக்கத்தைக் காட்டுகிறது. வகுப்பில் தவறு என்று திருத்தப்படக்கூடிய அமைப்பு அது, எனக்கு மிகவும் பிடித்த ஓவியங்களுள் ஒன்றும் அதுவே.

ஆகவே பொருளை எந்தப் புள்ளியில் வைப்பது என்று கேட்பதற்கு முன், சட்டகத்தின் நான்கு விளிம்புகளையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். விளிம்பில் எது வெட்டுப்படுகிறது, எந்த வெளிச்சத் துண்டு பார்வையை வெளியே இழுக்கிறது என்று கவனித்து, நகர்ந்தோ குனிந்தோ காத்திருந்தோ அதைச் சரிசெய்த பிறகு பொத்தானை அழுத்துங்கள். இரண்டு மூன்று படங்கள் எடுத்ததும் இங்கே பதிவிட்டால், அவற்றை வைத்தே மேலும் பேசலாம்.