ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்களைப் பிரெஞ்சில் பெயர்க்கும்போது இடைச்சொல் எங்கே போகிறது?

கேள்வி

வணக்கம். பிரெஞ்சு மொழியில் இடைநிலைப் பாடங்களை முடித்துவிட்டு, ஆங்கிலப் பத்திகளைப் பிரெஞ்சில் பெயர்த்து எழுதிப் பழகி வருகிறேன். வினையோடு 'அப்', 'டவுன்', 'ஆஃப்', 'அவுட்' போன்ற சிறு சொற்கள் சேர்ந்து வரும் ஃப்ரேசல் வெர்ப்கள் எதிர்ப்படும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. 'கிவ் அப்', 'புட் ஆஃப்' ஆகியவற்றை அகராதியில் தேடினால் ஒவ்வொன்றுக்கும் பல பிரெஞ்சு வினைகள் கிடைக்கின்றன. அவற்றுள் எதை எடுப்பது என்பதற்கான அடிப்படை எனக்குத் தெரியவில்லை. அகராதியில் தனிச்சொல்லாக இடம்பெறாத சேர்க்கைகள் இன்னும் கடினமாக இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, 'ஹீ ரேன் டவுன் த ஸ்டேர்ஸ்' என்ற வாக்கியத்துக்குப் பயிற்சி நூல் தரும் விடை 'இல் அ தெஸாந்த்யு லெஸ்கலியே ஆன் கூரான்' என்பதாகும். ஓடுதல் ஏன் வாக்கியத்தின் கடைசிக்குப் போனது? 'டவுன்' என்ன ஆயிற்று? இது இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் உரிய மரபா, அல்லது இதற்குப் பின்னால் பொதுவிதி ஏதேனும் உண்டா?

பதில் 1

பொதுவிதி உண்டு, தமிழ் அறிந்தவருக்கு அது எளிதில் பிடிபடும்.

நகர்வைச் சொல்லும் வாக்கியம் ஒன்றில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன: எந்தத் திசையில் நகர்ந்தார் என்பதும், எவ்விதமாக நகர்ந்தார் என்பதும். ஆங்கிலம் விதத்தை வினையிலேயே வைத்துவிட்டு, திசையைச் சொல்லும் பொறுப்பை இடைச்சொல்லிடம் ஒப்படைக்கிறது. பிரெஞ்சு திசையை முற்றுவினையாக்கிக்கொண்டு, விதத்தைத் துணைத்தொடராகப் பின்னால் சேர்க்கிறது. ஆகவே உங்கள் வாக்கியத்தில் 'டவுன்' காணாமற்போகவில்லை. 'இறங்கு' என்று பொருள்படும் 'தெஸாந்த்ர்' என்ற வினையாக அதுதான் நிற்கிறது. இந்த இடமாற்றத்தை வினே, தார்பெல்னே என்ற இரு மொழியியலாளர்கள் 1958-இல் வெளியிட்ட ஒப்பீட்டு நடையியல் நூலில் 'ஷாஸே-க்ருவாஸே' என்ற பெயரால் விளக்கியிருக்கிறார்கள்.

'அவன் ஆற்றை நீந்திக் கடந்தான்' என்ற தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். கடத்தல் முற்றுவினையாகவும், நீந்துதல் வினையெச்சமாகவும் அமைந்திருக்கின்றன. பிரெஞ்சிலும் 'இல் அ த்ராவெர்ஸே லா ரிவியேர் ஆ லா நாஜ்' என்றே சொல்கிறார்கள். 'த்ராவெர்ஸே' என்றால் கடத்தல், 'ஆ லா நாஜ்' என்றால் நீந்தி. எனவே ஆங்கில வாக்கியத்தை முதலில் இயல்பான தமிழில் சொல்லிப் பார்த்து, அங்கே முற்றுவினையாக வருவது எதுவோ அதற்குரிய பிரெஞ்சு வினையைத் தேடுவது நல்ல வழி என்பது என் கருத்து. ஆங்கில வினையை நேராகப் பிடித்துக்கொண்டு தொடங்குபவர்கள்தாம் பாதி வழியில் இடைச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 'ஷீ வாக்ட் இன்டு த ரூம்' என்பதற்கு 'எல் எ தான்த்ரே தான் லா பியெஸ்', அதாவது அவள் அறைக்குள் நுழைந்தாள் என்பதே போதும். அறைக்குள் நுழைபவர் நடந்துதான் நுழைவார் என்பது சொல்லாமலே விளங்குவதால், 'நடந்தபடி' என்று சேர்த்தால் வாசகர் அதில் ஏதோ சிறப்புப் பொருள் இருப்பதாக எண்ணுவார். நொண்டியபடி நுழைந்தாள் என்றால் அது புதிய செய்தி. அப்போது 'ஆன் புவாத்தான்' என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். பறவை கூண்டிலிருந்து வெளியேறுவதைச் சொல்லும்போதும் பறத்தலை விட்டுவிட்டு 'சொர்த்தீர்' என்ற வினையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சில இடைச்சொற்கள் பிரெஞ்சில் முன்னொட்டாக மாறுகின்றன. 'பேக்' பெரும்பாலும் 'ர' ஆகிவிடும்: 'கம் பேக்' என்பது 'ரவனீர்', 'கால் பேக்' என்பது 'ரப்பலே', 'புட் பேக்' என்பது 'ரமெத்ர்'. 'அவே' பல இடங்களில் 'ஆன்' ஆகும்: பறந்துபோவது 'சான்வொலே', தப்பி ஓடுவது 'சான்ஃப்வீர்'.

பதில் 2

மேலே உள்ள விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தமிழ் வழியாகச் செல்வது எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் 'வீட்டுக்குள் ஓடினான்' என்று தயங்காமல் சொல்கிறோம். வேற்றுமை உருபே திசையைக் காட்டிவிடுவதால் நுழைதலைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே 'இல் அ கூரு தான் லா மேஸோன்' என்று எழுதினால், வீட்டுக்குள்ளேயே அங்குமிங்கும் ஓடினான் என்றே பிரெஞ்சு வாசகர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். 'தான்' என்ற முன்னிடைச்சொல் இருக்கும் இடத்தைத்தான் சொல்கிறது. எல்லையைக் கடந்து உள்ளே போனதை அது தானாகச் சொல்வதில்லை. ஆகவே எல்லையைத் தாண்டும் நகர்வு எதுவாயினும் நுழை, வெளியேறு, கட, ஏறு, இறங்கு என்ற வினைகளில் ஒன்று முற்றாக வந்தாக வேண்டும்: 'இல் எ தான்த்ரே தான் லா மேஸோன் ஆன் கூரான்'.

எச்சம் போடும் இடத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 'கிக் த டோர் ஓபன்' என்பதைத் தமிழில் 'கதவை உதைத்துத் திறந்தான்' என்போம். பிரெஞ்சிலும் திறத்தல்தான் முற்றுவினை. ஆனால் உதைத்தலை எச்சமாக்காமல் பெயர்த்தொடராக்கி, 'ஓர் உதையால்' என்று பொருள்படும் 'தன் கூ த பியே' என்ற தொடரைச் சேர்ப்பதே அவர்கள் வழக்கம். கையசைத்து விலக்குவதற்கு 'தன் ஜெஸ்த்' என்பதும் இவ்வகையே. எதற்கெடுத்தாலும் 'ஆன்' என்று தொடங்கும் எச்சத்தைப் போட்டால் பத்தி முழுவதும் ஒரே ஓசையாகி, படிப்பவருக்குச் சலிப்புத் தட்டும்.

பதில் 3

இருவரும் நகர்வு வினைகளைப் பற்றிச் சொல்லிவிட்டதால், கேள்வியின் முதற்பகுதிக்கு வருகிறேன். 'கிவ் அப்', 'புட் ஆஃப்' போன்றவற்றில் இடைச்சொல்லுக்குத் தனிப்பொருள் இல்லை. அங்கே செயப்படுபொருள்தான் வினையைத் தீர்மானிக்கிறது. புகைப்பதைக் கைவிட்டால் 'அரெத்தே', எதிரியிடம் சரணடைந்தால் 'ஸ ராந்த்ர்', இருக்கையை ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் 'ஸெதே', ஒரு திட்டத்தைத் துறந்தால் 'ரனோன்ஸே'. கூட்டத்தை ஒத்திவைத்தால் 'ரப்பொர்த்தே'. நாற்றம் ஒருவருக்கு அருவருப்பூட்டினால் அதே 'புட் ஆஃப்' 'தெகூத்தே' ஆகிவிடும். அகராதியில் கிடைக்கும் வினைகள் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு வகைச் செயப்படுபொருளுக்கு உரியது. ஆகவே ஃப்ரேசல் வெர்பைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், அதன் செயப்படுபொருளோடு சேர்த்தே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் வாக்கியமே மாறிவிடும்: காகிதம் தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்லும் 'ரன் அவுட் ஆஃப்', பிரெஞ்சில் 'எங்களிடம் இனிக் காகிதம் இல்லை' என்ற எதிர்மறை வாக்கியமாகவே இயல்பாக ஒலிக்கும்.

நடையைப் பற்றியும் ஒரு சொல். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் வந்த நூற்றாண்டுகளில் ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. அதன் பயனாக 'கோ இன்' என்ற பேச்சுவழக்குக்குப் பக்கத்தில் 'என்டர்' என்ற கனத்த சொல்லும் ஆங்கிலத்தில் நிற்கிறது. அந்தப் பழக்கத்தில், பிரெஞ்சின் 'ஆன்த்ரே' என்ற வினையும் கனமான சொல் என்று எண்ணி, அதைவிட எளிதான ஒன்றைத் தேட வேண்டாம். அங்கே குழந்தைகளும் அன்றாடம் சொல்லும் சொல் அது. இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் 'புட் அப் வித்' என்பதற்கு ஆங்கில 'டாலரேட்'டை நினைத்துக்கொண்டு 'தொலேரே' என்று எழுதினால் பல இடங்களில் நடை விறைத்துவிடும். அன்றாடப் பிரெஞ்சில் அதற்கு 'சுப்பொர்த்தே' என்பதே வழங்குகிறது. ஆங்கில 'சப்போர்ட்'டை வைத்து அதை ஆதரித்தல் என்று மயங்கிவிடக் கூடாது.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. செயப்படுபொருளோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளும் வழி எனக்கு மிகவும் பயன்படும். ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. 'தெஸாந்த்ர்' என்ற வினை இறந்த காலத்தில் 'எத்ர்' என்ற துணைவினையோடு வரும் என்றே படித்திருக்கிறேன். நூலின் விடையில் 'இல் எ' என்று இல்லாமல் 'இல் அ' என்று இருப்பது ஏன்?

பதில் 1

மாடிப்படி அங்கே செயப்படுபொருளாக நிற்பதால் துணைவினை 'அவுவார்' ஆகிறது. வெறுமனே இறங்கினான் என்றால் 'இல் எ தெஸாந்த்யு'. எதையேனும் இறங்கினாலும், எதையேனும் இறக்கினாலும் 'இல் அ தெஸாந்த்யு'. 'மோன்த்தே', 'சொர்த்தீர்', 'ரான்த்ரே', 'பாஸே', 'ரத்தூர்னே' ஆகிய வினைகளும் இவ்வாறே நடக்கின்றன. நீங்கள் கேட்ட பொருளுக்கு இதனால் ஒரு நன்மை உண்டு: ஆங்கிலத்தில் 'கோ அவுட்' என்றும் 'டேக் அவுட்' என்றும் பிரிந்து நிற்கும் இரண்டையும் 'சொர்த்தீர்' என்ற ஒரே வினை தாங்குகிறது. அவன் வெளியே போனான் என்றால் 'இல் எ சொர்த்தி'. வண்டியை வெளியே எடுத்தான் என்றால் 'இல் அ சொர்த்தி லா வுவாத்யூர்'.