சங்குப்பூவும் செவ்வரத்தையும் கமெராவில் நிறம் மாறுவது: மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

எங்கள் வேலி முழுக்கச் சங்குப்பூக் கொடிதான். கண்ணுக்குக் கடும் நீலம், கமெராவில் எடுத்தால் கத்தரிப்பூ நிறம். யாரைக் கேட்டாலும் ‘வைட் பேலன்ஸைச் சரி பண்ணு’ என்பார்கள், அதாவது வெள்ளை வெள்ளையாகவே வரும்படி கமெராவின் நிறக் கணக்கைத் திருத்து என்று. பண்ணினேன். சாம்பல் அட்டையைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்து, அதை வைத்தே அளவெடுத்தேன். இலை சரி, கிளுவைக் கதியால் சரி, பின்னால் நின்ற வெள்ளைச் சுவர்கூட அச்சொட்டாக வந்தது. பூ மட்டும் அசையவில்லை.

வில்லங்கம் பூவிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட நீலப் பூக்கள் நீலத்தோடு சிவப்பின் கடைசி ஓரத்தையும், அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பையும் சேர்த்தே திருப்பி அனுப்பும். அந்த ஓரம் நம் கண்ணுக்கு அநேகமாகப் படாது. கமெராவுக்குள் வெளிச்சத்தைப் பதிகிற சென்சருக்குப் படும். அதற்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருந்தாலும் முழுவதையும் மறிக்காது. மிச்சம் சிவப்புக் கணக்கில் ஏறிவிடும். நீலத்தில் சிவப்பு கலந்தால் ஊதாதானே. பிலிம் காலத்துக்காரருக்கும் இந்தத் தலையிடி இருந்தது.

இப்போது ரோ கோப்பில், அதாவது சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், ஊதாவின் சாயலை மட்டும் நீலப் பக்கம் கொஞ்சம் தள்ளுகிறேன், மற்ற நிறங்களைத் தொடுவதில்லை. அதையும் பூவொன்றைப் பறித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்வேன். பறித்த பூ சீக்கிரம் சுருண்டுவிடும், ஆறுதலாக இருந்து செய்கிற வேலையில்லை. ஞாபகத்தை நம்பினால் பூ எப்போதும் உள்ளதைவிட நீலமாகிவிடும்.

காரைதீவிலிருந்து:

அண்ணன், உங்களுக்கு நீலம், எனக்குச் சிவப்பு. நான் செவ்வரத்தைக் கன்றுகளை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறேன். கன்று வாங்கிய அக்கா ஒருவர், பூத்ததும் குரல் பதிவு அனுப்பினார்: “தங்கச்சி, படத்தில ரோஸா இருந்திச்சு. இது ரத்தச் சிவப்பாயெல்லோ பூத்திருக்கு.” நல்லவேளை, அவருக்குச் சிவப்புத்தான் கூடப் பிடித்தது.

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம், ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அது மொத்த வெளிச்சத்தின் கணக்கு, அதில் பச்சைக்குத்தான் பெரிய பங்கு. மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைத் திறந்தால், சிவப்பு வலது ஓரத்தில், அதாவது உச்ச அளவில், போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. சிவப்பு அதற்குமேல் ஏற இடமில்லை, பச்சையும் நீலமும் ஏறிக்கொண்டே போகும். அதனால் சிவப்பு வெளிறி ரோஸாகிறது. இதழில் நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை, பிளாஸ்டிக் பூப் போலக் கிடக்கும்.

இப்போது எக்ஸ்போஷரை, அதாவது கமெரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டொப், ஒரு ஸ்டொப் என்று குறைத்தே எடுக்கிறேன். இலை இருண்டால் இருளட்டும், பிறகு தூக்கலாம். முழுக்க முட்டிப்போன சிவப்பைத் திருப்பி எடுக்க வழியில்லை.

இன்னொன்று. கமெராவின் நிற வரம்பை, கூடுதல் நிறங்களை அடக்கும் அடோபி ஆர்ஜிபியில் வைத்தால் நிறம் அள்ளும் என்று சொல்வார்கள். நல்ல அச்சகத்துக்குக் கொடுப்பதென்றால் சரி. படத்தோடு போகும் அந்த நிறக்குறிப்பை வாசிக்காத செயலியில் படம் வெளிறித்தான் தெரியும். போனில் பார்ப்பவர்களுக்கு விற்கிற எனக்கு, பொதுவாகத் திரைகளுக்குப் பாவிக்கும் எஸ்ஆர்ஜிபி வரம்பு போதும்.

திருக்கோவிலிலிருந்து:

மாமர நிழலில் நந்தியாவட்டை எடுத்துப் பாருங்கள், வெள்ளைப் பூ பச்சை பூசிக்கொண்டு வரும். இலைக்குள்ளால் வடிந்து வருகிற வெளிச்சம் அப்படி. கடற்கரை அடம்பன் பூவுக்கு நேர்மாறு, பத்து மணிக்குமேல் வெயில் இதழைத் தின்றுவிடும். மார்கழி மழை முகில் மூடின நாளில் எடுத்தால் பாதிப் பிரச்சினை இல்லை. மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் பெரியப்பாவின் வேட்டிதான் முகில். இரண்டு பேர் பூவுக்குமேல் விரித்துப் பிடிக்க வேண்டும். “முதல்ல வேட்டியத் தா மனே, மறுகா படம் எடு” என்று அவர் கத்துவார், அதைப் பார்த்தால் முடியாது. வேட்டி வெறும் வெள்ளையாக இருக்கட்டும். அகலச் சிவப்புக் கரை போட்டதென்றால் அந்தச் சிவப்பும் இதழில் ஏறும்.