பணியிட நலக் கருத்தரங்குகள்: வருகையைக் கட்டாயமாக்கலாமா?

கேள்வி

மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். வரும் காலாண்டில் பன்முகத்தன்மை, குழந்தை வளர்ப்பு, தனிமனித அடையாளம் ஆகியவை குறித்து மூன்று கருத்தரங்குகள் நடத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. அனைவரும் கட்டாயம் வர வேண்டும் என்பதும், மூன்றாவது அமர்வில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும் நிர்வாகத்தின் விருப்பம். நல்லெண்ணத்தில் எழுந்த யோசனைகள்தாம். ஆயினும் கட்டாயப்படுத்துவதால் பயன் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். அனுபவமுள்ளவர்கள் கருத்துக் கூற வேண்டுகிறேன்.

பதில் 1

உங்கள் அச்சத்திற்கு ஆதாரம் இருக்கிறது. சமூகவியலாளர்களான ஃபிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா காலெவும் 800க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்து, 2016இல் தம் முடிவுகளைக் கட்டுரையாக எழுதினார்கள். மேலாளர்களுக்குப் பன்முகத்தன்மைப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில், ஐந்தாண்டுகள் கழித்து, மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 விழுக்காடு குறைந்திருந்தது; விரும்பியவர்கள் மட்டும் பயின்ற இடங்களில் பல பிரிவினரின் பங்கு உயர்ந்திருந்தது. எப்படி நினைக்க வேண்டும் என்று பிறர் ஆணையிடும்போது மனம் எதிர்த்து நிற்கிறது என்பதே அவர்கள் கூறும் காரணம். இளையவர்களுக்கு மூத்தவர்களை வழிகாட்டிகளாக அமர்த்துவது போன்ற ஏற்பாடுகள் மேலான பலன் தந்ததாகவும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனவே ஒரு நாள் உரைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியையாவது அதற்குத் திருப்பிவிடக் கேளுங்கள்.

பதில் 2

மேற்கண்டதை ஏற்கிறேன், ஆனால் விருப்பத்திற்கு விட்டுவிட்டால், பயிற்சி தேவைப்படாதவர்களே வந்து அமர்வார்கள் என்ற சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர்களிடையே நடந்த உடல்நலத் திட்ட ஆய்வில், திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாகவும் நல்ல பழக்கங்களோடும் இருந்தவர்களே என்று தெரியவந்தது. ஆகவே துன்புறுத்தல் தடுப்பு, புகார் அளிக்கும் முறை போன்ற விதிகளை மட்டும் அனைவருக்கும் கட்டாயமாக்கி, மற்றவற்றை விருப்பத்திற்கு விடலாம்.

குழந்தை வளர்ப்பு அமர்வைப் பொறுத்தவரை, அது எந்த நேரத்தில் நடக்கிறது என்பதே முதல் கேள்வி. மாலையில் வைத்தால், பிள்ளையை அழைத்துவர ஓடும் தாயும் தந்தையும் எப்படி வருவார்கள்? குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கெனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981இல் உருவாக்கிய 156ஆம் உடன்படிக்கை, குழந்தைகளோடு, பராமரிப்பு தேவைப்படும் பிற நெருங்கிய குடும்பத்தினரையும் கருத்தில் கொள்கிறது. அந்தப் பரந்த பார்வை உங்கள் அமர்வுக்கும் வேண்டும். முதிய பெற்றோரைக் கவனித்துக்கொள்பவர் வெளியாளாக உணரக் கூடாது. உரையைக் கேட்டுவிட்டு வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஒருவர் கேட்டால் அவருடைய மேலாளர் என்ன சொல்வார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்.

பதில் 3

மூன்றாவது அமர்வைப் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: யாரையும் எழுந்து பேசச் சொல்லாதீர்கள். தம் சமயத்தையோ, பாலினத்தையோ, வெளியில் தெரியாத ஒரு நோயையோ இதுவரை சொல்லாதிருப்பவர், முறை வரும்போது பொய் சொல்ல வேண்டும் அல்லது ஆயத்தமில்லாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னதைத் திரும்பப் பெற வழியில்லை. மறுநாளும் அதே மேலாளரிடம்தான் அவர் மதிப்பீட்டிற்குச் செல்ல வேண்டும். மௌனமாக இருப்பதற்கும் உரிமை உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். பெயரில்லாத சீட்டுகளில் கேள்விகளைப் பெற்று, வெளியிலிருந்து வரும் நெறியாளரை விடையளிக்கச் சொல்லுங்கள். ஒலிப்பதிவோ வருகைப் பதிவேடோ வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எழுந்து பேசும் பகுதியை நீக்கும்படி நாளையே எழுதிக் கேட்கிறேன். குழந்தை வளர்ப்பு அமர்வை வேலை நேரத்திற்குள், ஊதியப் பிடித்தமின்றி, இரு வேறு நாள்களில் நடத்தவும், அதற்கு முன்பே மேலாளர்களைத் தனியே சந்தித்துப் பேசவும் முயல்கிறேன்.