புதுப்பிப்பு: மாரிஸ் மைனர் ஸ்டியரிங் கழன்றது

1962 மாடல் மாரிஸ் மைனர் காரில் நட்டைத் தளர்த்திய பிறகும் ஸ்டியரிங் வளையம் அதன் தண்டிலிருந்து கழன்று வரவில்லை என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை கழன்று வந்துவிட்டது.

முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தேன். சக்கரங்களை நேராக வைத்து, தண்டிலும் ஸ்டியரிங்கிலும் ஒரே கோடாக ஆணியால் கீறிக்கொண்டேன். துரு இளக்கும் ஆயிலை மூன்று நாள், காலையும் மாலையும், ஸ்டியரிங் தண்டோடு கவ்வும் பல் வரிசையில் விட்டேன். அது மட்டும் போதவில்லை.

வேலை செய்தது, இரண்டு கால் புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி இறுக்கி, இரவு முழுக்க அப்படியே விடச் சொன்ன யோசனைதான். காலையில் புல்லரின் திருகை அரைச் சுற்று கூடத் திருப்பவில்லை, 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நட்டை முழுசாகக் கழற்றாமல், தண்டின் நுனிக்குச் சமமாக நிற்கும்படி விட்டிருந்தேன். இல்லையென்றால் ஸ்டியரிங் முகத்தில் அடித்திருக்கும், மரையும் கெட்டிருக்கும். புல்லரின் கால்கள் ஸ்டியரிங்கின் நடுக் குடத்தின் பின்னால்தான் பிடிக்க வேண்டும், ஆரக்கால்களில் மாட்டினால் வளைந்துவிடும். தண்டின் தலையில் சுத்தியல் படவே கூடாது, அடி கீழே ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) வரை போகும்.

எதிர்பாராதது ஒன்று: தண்டின் மேல்முனையில் அதைத் தாங்கி இருக்கும் கம்பளி வளையம் (புஷ்) தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஸ்டியரிங் லேசாக ஆடியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். புதியதை ஆயிலில் ஊறவைத்திருக்கிறேன். அப்புறம், திரும்ப மாட்டும்போது பல் வரிசையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.