அடுப்புப் புகைக்குழாயால கறுப்புத் தண்ணி வடியுது, வீட்டிலயே கிளீன் பண்ணலாமோ?

உப்புவெளிப் பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். 2022ல காஸ் தட்டுப்பாடு வந்த நேரம் குசினிக்குப் பின்பக்கம் ஒரு பத்தி இறக்கி செங்கல்லால விறகடுப்பு கட்டினனாங்கள், அதுக்கு 4 இஞ்சி தகரக் குழாய், ரெண்டு எல்போ (வளைவுத் துண்டு), சுவரால வெளிய போய் மேல ஏறுது. பிறகு காஸ் வந்திட்டுது, ஆனா அம்மா அடுப்ப விடேல்ல, மீன் குழம்பு மண்சட்டியில விறகில வைச்சாத்தான் அவவுக்குச் சரி, எனக்கும் அப்பிடித்தான். இப்ப ஒரு மாசமா மூட்டின உடன புகை திரும்பி உள்ள வருது, எல்போ மூட்டால தார் மாதிரி கறுப்புத் தண்ணி சுவரில வடியுது, உடுப்பெல்லாம் அந்த மணம். அம்மாவுக்கு இரவில இருமல் வேற. பக்கத்து வீட்டு மாமா சொல்லுறார் காய்ஞ்ச தென்னோலை ஒரு கட்டு வைச்சு நல்லா எரிச்சு விடு, உள்ள பிடிச்சிருக்கிறது தானா எரிஞ்சு போயிடும் எண்டு. செய்யலாமோ? கூரை அஸ்பெஸ்ரஸ் சீற், ஏறப் பயமாக் கிடக்கு. விறகு எண்டா கடையில வாங்குற பாலை மரம் கொஞ்சம், மிச்சம் கரையில ஒதுங்குற மரம், தம்பி சைக்கிள்ல கட்டிக்கொண்டு வாறவன்.

நிலாவெளி அண்ணை

தம்பி அந்த ஓலை எரிக்கிற வேலைய மட்டும் செய்யாதீங்கோ, கும்பிட்டுச் சொல்லுறன். நாங்கள் செய்தனாங்கள். முதல்ல ஒண்டும் தெரியேல்ல, பிறகு குழாய்க்குள்ள ரயில் போற மாதிரி இரைச்சல், தகரம் சிவந்து போச்சு, அடுப்படிக்கு மேல கிடுகுதான் வேய்ஞ்சிருந்தது, அதில நெருப்புப் பிடிச்சு பாதிக் கூரை போயிட்டுது. சின்னவள் உள்ள நித்திரை. அவளத் தூக்கிக்கொண்டு ஓடினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அந்தத் தார் வேற ஒண்டும் இல்ல, எரியாமப் போன புகை குளிர்ந்த தகரத்தில படிஞ்சது, அதுவே நல்ல எரிபொருள், பத்தினா 1000 பாகைக்கு மேல சூடு போகும். அப்பிடி எப்பவாவது பிடிச்சா குழாய்க்குத் தண்ணி அடிக்காதீங்கோ, அடுப்பு வாயை ஈரச்சாக்கால, மண்ணால அடைச்சுக் காத்த நிப்பாட்டிப்போட்டு எல்லாரையும் வெளிய எடுங்கோ.

தகரவேலை தம்பலகாமம்

அண்ணை சொல்லுறது சரி. கிளீன் பண்ணுறது பெரிய வேலை இல்ல, கூரையில ஏறவும் தேவையில்ல. அஸ்பெஸ்ரஸ் சீற்றில கால் வைக்கவே வேண்டாம், பழைய சீற் சத்தமில்லாம உடையும்.

அடுப்ப ஒரு நாள் முழுக்க மூட்டாம விடுங்க. சாம்பல தகர வாளியில அள்ளி வெளிய வைங்க, பிளாஸ்ரிக் வாளி வேண்டாம், சாம்பலுக்குள்ள தணல் மறுநாளும் உயிரோட கிடக்கும். பிறகு குழாய வெளிச்சுவரில இருந்து கழட்டி முற்றத்தில சாக்கு விரிச்சுப் போடுங்க. கழட்ட முன்னம் ஒவ்வொரு மூட்டுக்கும் ஆணியால கோடு போட்டு வைங்க, பேந்து பூட்டேக்க எது எதோட எண்டு மண்டை குழம்பும். நேர்க்குழாய்க்கு தேங்காய்ப் பொச்சக் கயித்து நடுவில இறுக்கிக் கட்டி, ஒராள் இந்தப்பக்கம் ஒராள் அந்தப்பக்கம் நிண்டு இழுங்க, பத்துத்தரம் இழுத்தாத் தூளா இருக்கிறது எல்லாம் வந்திடும். எல்போவுக்கு ஈர்க்குக் கட்டு. கையுறை, மாஸ்க், கண்ணுக்கும் ஏதாவது.

படிஞ்சிருக்கிற கரி 3 மில்லிமீற்றர் மொத்தம் இருந்தாலே கிளீன் பண்ணுற நேரம் வந்திட்டுது எண்டு எடுங்க. ஆனா கண்ணாடி மாதிரி மினுங்கிக் கொண்டு கிடந்தா பொச்சுக்கு வராது, மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவலாம் எண்டு நினைக்காதீங்க, அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டிட்டுப் புதுசு மாத்துறதுதான் நல்லம்.

பூட்டேக்க கவனம், மேல்குழாயின்ர நுனி கீழ்க்குழாய்க்குள்ள இறங்க வேணும். உங்கட மூட்டால வெளிய வடியுது எண்டா பெரும்பாலும் மாறித்தான் பூட்டியிருக்கு, சரியாப் பூட்டினா வடியிறது உள்ளுக்குள்ளயே இறங்கி அடுப்பில எரியும். ரெண்டு எல்போ அதிகம், ஒண்டாக் குறைச்சா குழாய் புகைய மேல இழுக்கிறது கூடும். குழாய் கூரையத் தாண்டி 3 அடியாவது நிக்குதோ? பத்தடிக்குள்ள கூரை முகடு இருந்தா அதுக்கும் மேல 2 அடி வேணும், இல்லாட்டி வாடைக்காத்து புகையத் திருப்பி அடிக்கும்.

சீனக்குடா அக்கா

நான் பார்த்தது தம்பி கடைசியா எழுதின வரி. கரையில ஒதுங்குற மரம். அதத்தான் முதல்ல நிப்பாட்ட வேணும். கடல்ல ஊறின மரத்தில உப்பு ஏறியிருக்கும், எத்தனை நாள் வெயில்ல போட்டாலும் தண்ணிதான் போகும், உப்புப் போகாது. எரிக்கேக்க அது தகரத்தத் தின்னும், புகையும் நஞ்சு. உடைஞ்ச வள்ளத்துப் பலகை எண்டா பெயின்ற் வேற. அம்மா அந்தப் புகைக்கு முன்னாலதான் மணித்தியாலக் கணக்கா நிக்கிறா எண்டத யோசிங்கோ.

பாலையும் பச்சையா வாங்கினா இதே கதைதான், ஈரம் காயிறதுக்கே சூடு போயிடும், குழாய் சூடாகாது, புகை படியும். பிளந்து, நிலத்தில படாம அடுக்கி, மேல மட்டும் மூடி, பக்கம் திறந்தபடி கச்சான் காத்தில விடுங்கோ, ஆறு மாசமாவது வேணும். ரெண்டு கட்டையத் தட்டினா ‘டங்’ எண்டு கேட்கும், ஈரமெண்டா ‘தொப்’ எண்டும். எங்கட அம்மம்மா கடைக்காரனிட்ட நிண்டு தட்டித்தான் வாங்குவா.

இன்னொண்டு, புகை திரும்புற நாளில மழையெண்டு கதவு யன்னல் எல்லாத்தையும் பூட்டிப்போட்டுச் சமைக்காதீங்கோ. புகையோட வாற கார்பன் மோனொக்சைட் எண்ட நச்சு வாயுவுக்கு மணம் இல்ல, தலையிடி, தலைசுத்து, சத்தி வந்தா உடன வெளிய போங்கோ. கரி துடைச்ச பிறகு சோப் போட்டுக் குளியுங்கோ, அந்தக் கரி தோலுக்குக் கூடாது, இங்கிலாந்தில புகைக்கூடு துடைச்ச ஆக்களுக்கு வந்த புற்றுநோயப் பற்றி பேர்சிவல் பொட் எண்ட டொக்டர் 1775லயே எழுதியிருக்கிறார். அம்மாவின்ர இருமல கட்டாயம் காட்டுங்கோ.

உப்புவெளிப் பொடியன்

அக்கா, அண்ணையாக்கள், நன்றி. சனிக்கிழமை கழட்டினம். மேல தொப்பிக்குப் போட்ட கம்பிவலை முழுக்க அடைச்சுப் போய்க் கிடந்தது, புகை திரும்பினது அதாலதான் போல. ரெண்டாவது எல்போவுக்குள்ள விரல் விட இடமில்ல, கீழ்ப்பக்கம் உக்கி ஊசி ஊசியா ஓட்டை, அதத் தூக்கிப் போட்டாச்சு. மூட்டு தகரவேலை அண்ணை சொன்ன மாதிரி மாறித்தான் பூட்டியிருந்தது. தம்பி இனி கரை மரம் கொண்டு வரமாட்டன் எண்டிட்டான், கிடந்த பலகையையும் அடுப்படியால எடுத்தாச்சு. அம்மாவ நாளைக்குக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போறன். அதுவரைக்கும் காஸ்லதான் சமையல், அவவுக்கு விருப்பமில்லாட்டியும்.

தகரவேலை அண்ணை, புதுக்குழாய் ஒரு எல்போவோட அடிக்க வேணும், வெளிச்சுவர் உயரம் அளந்திட்டு இதிலயே எழுதுறன், பார்த்துச் சொல்லுங்கோ.